"பிடிவாதக்காரி" என்று எழுதிவைத்த டாக்டர்கள்: அனோரெக்சியாவின் 300 வருடக் கதை

நீளமான த்ரெட், நண்பர்களே. இப்போ டைம் இல்லைன்னா சேவ் பண்ணி வச்சுட்டு ராத்திரி படிங்க.

அனோரெக்சியா நெர்வோசா. பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. வீட்டில் சோறு இருக்கும், தட்டில் பரிமாறியும் இருக்கும். அந்தப் பொண்ணு சாப்பிடமாட்டா. எலும்பும் தோலுமா ஆன பிறகும் இன்னும் குறைக்கணும்னு நிப்பா. பெரும்பாலும் டீன் ஏஜில் ஆரம்பிக்கும், பெரும்பாலும் பெண்களுக்கு வரும். "பணக்கார வீட்டு நோய்"னு கிண்டல் பண்றவங்களுக்கு ஒரு தகவல்: 36 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011ல் வந்த ஒரு அலசலின்படி, இந்த நோயாளிகளின் இறப்பு விகிதம் அதே வயதுள்ள மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட 6 மடங்கு. இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை.

சரி. இந்த நோய் உள்ள பெண்கள் எப்படிப்பட்டவங்கன்னு எந்த மருத்துவ மாணவரிடம் கேட்டாலும் மளமளன்னு ஒப்பிப்பார். நல்லா படிக்கிற பொண்ணு. எல்லாம் கச்சிதமா இருக்கணும். மார்க் குறைஞ்சா தாங்கமாட்டா. பிடிவாதம். யாரோடும் ஒட்டமாட்டா. சாப்பாட்டு விஷயத்தில் பொய் சொல்லுவா. நாங்க எல்லாரும் இப்படித்தான் மனப்பாடம் பண்ணி பாஸ் பண்ணினோம்.

இந்த லிஸ்ட்டை யார் எழுதினாங்க? எந்த நிலையில் இருந்த பொண்ணைப் பார்த்து எழுதினாங்க? இதுதான் இன்னைக்கு விஷயம். ஏன்னா இந்த லிஸ்ட்டை வச்சுத்தான் யாரை மிரட்டணும், யாரைப் பெத்தவங்ககிட்ட இருந்து பிரிக்கணும், யாரைக் கைகழுவணும்னு தலைமுறை தலைமுறையா முடிவு பண்ணியிருக்காங்க.

லண்டனில் இருந்து ஆரம்பிப்போம். வருடம் 1684.

ரிச்சர்ட் மார்ட்டன் என்று ஒரு மருத்துவர். இன்னைக்கு இருந்திருந்தா போர்டில் காசநோய் ஸ்பெஷலிஸ்ட்னு போட்டிருப்பார். உடம்பு உருகிப்போகிற நோய்களைப் பற்றி 1689ல் லத்தீனில் ஒரு புத்தகம் எழுதினார். 1694ல் அது ஆங்கிலத்தில் வந்தது. அதில், காய்ச்சல் இல்லாமல், இருமல் இல்லாமல், மூச்சிரைப்பு இல்லாமல் உருகிப்போன இரண்டு பேரைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார்.

முதலாவது, 18ஆவது வயதில் இருந்த ஒரு பெண். மாதவிலக்கு நின்றுபோச்சு. சாப்பாடு போச்சு. ஆனா ராத்திரி பகலா புத்தகமும் கையுமா இருக்கா. இந்த அளவுக்கு மெலிந்தும் நடமாடிக்கொண்டிருந்த ஒரு ஆளைத் தன் தொழிலில் பார்த்ததே இல்லை என்கிறார் மார்ட்டன். மருந்து கொடுத்துப் பார்த்தார். கொஞ்ச நாளில் அந்தப் பெண் மருந்து போதும்னு சொல்லிட்டா. மூன்று மாதத்தில் மயக்கம் போட்டு விழுந்து இறந்துபோனாள்.

இரண்டாவது ஆள் ஒரு பையன். 16 வயது, பாதிரியார் மகன். அவனுக்கும் இதே கதை. படிப்பைக் கொஞ்சம் ஓரம் கட்டு, கிராமத்துக்குப் போ, குதிரை ஏறு, பால் குடின்னு மார்ட்டன் சொன்னார். பையன் பெருமளவு தேறிவிட்டான்.

இந்த நோய்க்கான முதல் மருத்துவக் குறிப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். அதிலேயே ஒரு பையன் இருக்கான் பாருங்க. இரண்டு பேருக்கும் மார்ட்டன் சொன்ன காரணம் ஒன்றுதான்: மனசில் கவலை, அதோடு ஓயாத படிப்பு. யாருக்கும் குணச் சான்றிதழ் எழுதவில்லை. அடுத்த 200 வருடத்தில் அந்தப் பையன் காணாமப் போயிடுவான். பெண்ணோட குணம் வந்து நடுவில் உட்கார்ந்துக்கும்.

அது எப்படி நடந்ததுன்னு புரிய, லண்டனை விட்டு வேல்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றுக்குப் போகணும். 1869. சாரா ஜேக்கப், 12 வயதுச் சிறுமி. இரண்டு வருடமாக இவள் எதுவுமே சாப்பிடவில்லை என்று பெற்றோர் சொன்னார்கள். உள்ளூர்ப் பாதிரியார் முதலில் நம்பவில்லை, பிறகு நம்பிப் பத்திரிகைக்கே கடிதம் போட்டார். ஊர் ஊராக ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுக் காசும் பரிசும் வைத்துவிட்டுப் போனார்கள்.

தெய்வ அற்புதமா, மோசடியா? எல்லாரும் கேட்டது இந்த ஒரு கேள்விதான். கடைசியில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் இருந்து நான்கு நர்ஸுகளை வரவழைத்து, மாறி மாறிக் கண்காணிக்க வைத்தார்கள். டிசம்பர் 9ஆம் தேதி கண்காணிப்பு ஆரம்பித்தது. யாரும் அவளுக்கு ரகசியமாக உணவு கொடுக்க முடியவில்லை. டிசம்பர் 17 அன்று சாரா இறந்துபோனாள். பயிற்சி பெற்ற நான்கு நர்ஸுகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு 12 வயதுக் குழந்தை பட்டினியால் செத்தது. பெற்றோருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

சாராவுக்கு இருந்தது அனோரெக்சியாதானான்னு இன்னைக்கு உட்கார்ந்து முத்திரை குத்த முடியாது. நான் இதைச் சொன்னதுக்குக் காரணம் வேற. அந்த வீட்டில் எல்லாரும் அவள் எப்படிப்பட்டவள்னு துப்பறிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அவள் உடம்பில் என்ன நடக்குதுங்கிறது இரண்டாம்பட்சம் ஆயிடுச்சு.

நாலே வருடத்தில் இந்த நோய்க்குப் பேர் வைத்தவர் அதே கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்தவர். சர் வில்லியம் கல். விக்டோரியா மகாராணியின் மருத்துவர்களில் ஒருவர். இளவரசருக்கு 1871ல் டைபாய்டு வந்தப்போ பார்த்துக்கொண்டவர். 1873 அக்டோபரில் லண்டன் மருத்துவச் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசினார், அடுத்த வருடம் அது அச்சில் வந்தது.

மிஸ் ஏ, மிஸ் பி, மிஸ் சி என்று மூன்று பெண்கள். எடை, உயரம் எல்லாத்தையும் கல் எழுதி வச்சிருக்கார். இங்கே போடமாட்டேன். இந்த நோயில் இருக்கிற யாராவது இதைப் படிச்சா அந்த எண் ஒரு டார்கெட் ஆயிடும். எடை எண்களைப் பொதுவெளியில் போடாதீங்கன்னு இந்தத் துறைக்காரங்க திரும்பத் திரும்பச் சொல்றது அதனாலதான்.

கல் நல்ல கண் உள்ள டாக்டர். மிஸ் ஏ பற்றி அவர் எழுதினதில் மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, அவ்வளவு வற்றிப்போன உடம்பை வச்சுக்கிட்டு ஒரு இடத்தில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தாள். இரண்டு, சிடுசிடுப்பும் பொறாமையும் இருந்தது. மூன்று, படங்கள். நோயின்போது 17 வயதில் எடுத்த படத்தில் 30ஐ நெருங்கும் பெண் மாதிரி இருக்கிறாள். தேறிய பிறகு 21 வயதில் எடுத்த படத்தில் 21 மாதிரியே இருக்கிறாள்.

பாதரச மருந்து, இரும்புச்சத்து டானிக், கொய்னா எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் வேலை செய்யலைன்னு நேர்மையா ஒத்துக்கிட்டார். பசியின்மைக்குக் காரணம் வயிறு இல்லை, மனநிலை என்றார். ஹிஸ்டீரியாங்கிற பேரை விட்டுட்டு "நெர்வோசா"ன்னு போட்டதுக்கு ஒரு காரணம், ஆண்களுக்கும் இது வரும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. இதுவரைக்கும் சபாஷ். ஆனா "மனக்கோணல்" என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தையும் போட்டார். வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுக்கணும், அடக்கி வைக்கக்கூடிய ஆட்கள் பக்கத்தில் இருக்கணும், சொந்தக்காரங்கதான் இருக்கிறதிலேயே மோசமான துணை என்றார். இந்தக் கடைசி வாக்கியம் நூறு வருடத்துக்கு மேல் பெற்றோர்களை வார்டு வாசலிலேயே நிறுத்தி வைத்தது.

அதே 1873ல், கல்லுக்குச் சில மாதம் முன்னாடி, பாரிஸில் சார்ல்ஸ் லசேக் எட்டுப் பெண்களை வச்சு "ஹிஸ்டீரிய அனோரெக்சியா"ன்னு எழுதினார். எனக்குத் தனிப்பட்ட முறையில் கல்லைவிட லசேக்கைப் பிடிக்கும். அவர் அந்தப் பொண்ணை மட்டும் பார்க்கவில்லை, சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இருந்த எல்லாரையும் பார்த்தார். வீட்டுக்காரங்க கையில் இரண்டே ஆயுதம்: கெஞ்சுறது, மிரட்டுறது. பிடிச்சதெல்லாம் சமைச்சு அடுக்குவாங்க, அவ வேண்டாம்னு சொல்லுவா. எங்களுக்காக ஒரு வாய்னு அழுவாங்க, அதுக்கும் அசையமாட்டா. போகப்போக அந்த வீட்டில் சாப்பாட்டைத் தவிர வேற பேச்சே இருக்காது. நம்ம வீடுகளில் இருந்து எழுதின மாதிரியே இருக்கு, இல்லையா?

அவரை ரொம்ப உறுத்தினது அந்தப் பெண்களோட நிம்மதி. எனக்கு ஒரு வலியும் இல்லையே, அப்போ நான் நல்லாத்தானே இருக்கேன்கிற ரீதியில் பேசுறாங்க. குணமாகணும்கிற ஏக்கமே இல்லை. இதையும் அவர் மனசோட கோளாறுன்னுதான் எழுதினார். இந்த நிம்மதியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

அதுக்கப்புறம் வந்தவங்க கண்காணிப்பை விட்டுட்டு யார் ஜெயிக்கிறதுன்னு பார்க்க ஆரம்பிச்சாங்க. பாரிஸில் ஷார்கோ, நரம்பியலின் பெரிய தலை. 1880களில் அங்குலேம் ஊரில் இருந்து சுமார் 14 வயதுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தாங்க. அப்பா அம்மா ஊரை விட்டுப் போனால்தான் வைத்தியம்னு ஒத்தக்கால்ல நின்னார் ஷார்கோ. அவங்க கிளம்பினாங்க, பொண்ணு சாப்பிட ஆரம்பிச்சது. அவங்க இருந்தவரைக்கும் என் நோய் பெரிசுன்னு நான் நம்பலை, நீங்க விடமாட்டீங்கன்னு தெரிஞ்சதும் பயந்துட்டேன்னு அவளே பிறகு சொன்னதா ஷார்கோ பெருமையாச் சொல்லுவார். ஒரு பொண்ணு பயந்து சாப்பிட்டதை ஒரு துறையே வெற்றின்னு எழுதி வச்சுக்கிச்சு. ஆனா ஒண்ணு, அந்தப் பொண்ணு பிழைச்சது.

1903ல் பியர் ஜானே மட்டும் கொஞ்சம் வேற பக்கம் பார்த்தார். நாடியா என்று அவர் பேர் மாற்றி எழுதிய பெண்ணுக்குத் தன் உடம்பு வளர்வதே வெட்கம். யோசனைகள் வட்டமடிச்சு வட்டமடிச்சு வருது, நிறுத்த முடியலை. இது நாடகம் போடுற ஹிஸ்டீரியா இல்லை, விடாமல் துரத்துகிற எண்ணம், அதாவது அப்செஷன் என்றார். நூறு வருடம் கழித்து மரபணு ஆய்வு போய் நிற்கப்போகிற இடத்துக்கு அவர் அப்பவே கிட்ட வந்துட்டார்.

நடுவில் ஒரு குறுக்குச் சாலை. 1914ல் ஹாம்பர்க்கில் மாரிஸ் சிம்மண்ட்ஸ் பிட்யூட்டரி சுரப்பி அழிஞ்சு உடம்பு உருகிப்போறதை விவரிச்சார். அதுக்கப்புறம் ரொம்ப வருடம் அனோரெக்சியா பெண்களுக்கெல்லாம் பிட்யூட்டரி சாறு ஊசி. இது இரண்டும் வேற வேற நோய்னு 1930களின் கடைசியில்தான் தெளிவாச்சு.

1921. சுவிட்சர்லாந்தின் ஒரு மனநலக் காப்பகம். எலன் வெஸ்ட் என்று புனைபெயரில் நாம் அறிகிற பெண், வயது 33. கவிதை எழுதுவாங்க, டைரி எழுதுவாங்க, தன் பசியைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் எந்த டாக்டரையும்விடத் துல்லியமா எழுதினவங்க. அவங்களுக்குப் பெரிய பெரிய மருத்துவர்கள் கொடுத்த பட்டங்களைப் பாருங்க. கிரேப்பெலின், மெலன்கோலியா என்றார். பின்ஸ்வாங்கரும் ப்ளாய்லரும் ஸ்கிசோஃப்ரினியா என்றார்கள். வெளியில் இருந்து வந்த இன்னொரு நிபுணர், பிறவியிலேயே கோணலான ஆளுமை என்றார். ஒருவரும் பட்டினியை முதல் நோயாக எண்ணவில்லை. செய்ய ஒன்றும் இல்லை என்று முடிவு பண்ணி வீட்டுக்கு அனுப்பினாங்க. சில நாட்களில் அவங்க தன் உயிரை மாய்த்துக்கொண்டாங்க. 1940களில் பின்ஸ்வாங்கர் எழுதிய அந்தக் கேஸ் மனநல மருத்துவத்தில் பெரும் புகழ் பெற்றது.

இப்போ கதையைத் திருப்பிப்போட்ட இடத்துக்கு வருவோம். அங்கே ஒரு பெண்கூட இல்லை. அனோரெக்சியாவும் இல்லை.

அமெரிக்கா, மின்னசோட்டா பல்கலைக்கழகம். 1944 நவம்பர். இரண்டாம் உலகப்போர் முடியப்போகுது, ஐரோப்பாவில் கோடிக்கணக்கான ஜனங்க பட்டினியில். அவங்களை எப்படி மீட்டு எடுக்கிறதுன்னு தெரியணும். ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, போரில் சுட மறுத்த இளைஞர்களில் இருந்து 36 பேரைத் தேர்ந்தெடுத்தார். உடம்பும் மனசும் நல்லா இருக்குன்னு பரிசோதிச்சுப் பார்த்து எடுத்த ஆட்கள். கால்பந்து மைதானத்தின் அடியில் தங்க வச்சாங்க. முதல் 12 வாரம் சாதாரண உணவு. அடுத்த 24 வாரம் கிட்டத்தட்ட பாதி உணவு, வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. எடையில் கால் பங்கு குறையணும், அதுதான் திட்டம்.

இந்த ஆண்களுக்கு என்ன ஆச்சு?

சாப்பாட்டைத் தவிர வேற நினைப்பில்லை. சமையலில் ஆர்வமே இல்லாதவங்க ரெசிப்பி புத்தகம் சேர்க்க ஆரம்பிச்சாங்க. தட்டில் இருக்கிற கொஞ்சத்தைக் குட்டி குட்டியா வெட்டி, கலந்து, தண்ணி சேர்த்து, இரண்டு மணிநேரம் வரைக்கும் இழுத்துச் சாப்பிட்டாங்க. சூயிங்கம் மென்னு தள்ளினாங்க. தேவையில்லாத சாமான்களை வாங்கிப் பதுக்கினாங்க. நண்பர்களை விட்டு ஒதுங்கினாங்க. சிரிப்பு போச்சு, காதல் ஆசை போச்சு. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிஞ்சு விழுந்தாங்க. சில பேர் விதியை மீறி ரகசியமாத் தின்னுட்டு மறைச்சாங்க. ஒருத்தர் தன் விரல்களைக் கோடாலியால் துண்டிச்சுக்கிட்டார். வேணும்னே செஞ்சேனான்னு அவருக்கே பிறகு தெரியலை. பர்சனாலிட்டி சோதனை வச்சுப் பார்த்தா மனச்சோர்வு, ஹிஸ்டீரியா, இல்லாத நோயை நினைச்சுப் பயப்படுறது, இந்த மூணு அளவுகோலும் மேலே ஏறியிருந்தது.

பட்டினிக்கு முன்னாடி இவங்க யாரும் இப்படி இல்லை. எல்லாம் எழுதி வச்ச ரெக்கார்டு இருக்கு.

சடங்கு மாதிரி சாப்பிடுறது, பதுக்குறது, பொய், சிடுசிடுப்பு, ஒட்டாமை, உணர்ச்சி வறண்டு போறது. கல்லில் இருந்து எலன் வெஸ்ட் டாக்டர்கள் வரைக்கும் பெண்ணின் குணம்னு எழுதின லிஸ்ட்டில் பாதி இங்கே, ஆரோக்கியமான ஆம்பளைங்ககிட்ட, 24 வாரத்தில் உருவாச்சு.

கீஸ் குழு 1950ல் இதை இரண்டு பெரிய தொகுதிகளா வெளியிட்டாங்க. ஆயிரத்து முந்நூறு பக்கத்துக்கு மேல. அனோரெக்சியா பார்க்கிற டாக்டர்கள் இதைப் பரவலா நோயாளிகளிடம் எடுத்துச் சொல்ல ஆரம்பிச்சதோ 1980களில், டேவிட் கார்னர் போன்றவர்கள் எழுதின பிறகு. முப்பது வருட இடைவெளி. அலமாரியில் இருந்த புத்தகத்தை எடுத்துப் பார்க்க அவ்வளவு நாள்.

அந்த ஓயாத நடை? கல் பார்த்து அதிசயப்பட்டது? அதுக்கு எலிகள் பதில் சொல்லிச்சு. 1967ல் ரௌட்டன்பர்க், குஸ்னெசோஃப் என்ற இருவர் எலிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணிநேரம் மட்டும் உணவு வச்சாங்க. சும்மா கூண்டில் இருந்த எலிகள் அதுக்குப் பழகிக்கிச்சு. ஓடுறதுக்குச் சக்கரம் இருந்த எலிகள் நாளுக்கு நாள் அதிகமா ஓடி, உணவு நேரத்திலும் குறைவாத் தின்னு, செத்துப்போச்சு. அந்த எலிக்கு யாரைப் பழிவாங்கணும்? எந்த அம்மாவோட சண்டை?

வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்குன்னு இந்தப் பெண்கள் சொல்றதும் அப்படியே பொய்னு தள்ளமுடியாது. நீண்ட பட்டினியில் இரைப்பை காலியாகிறதே மெதுவாயிடும். நாலு வாய் சாப்பிட்டா நெஞ்சுவரைக்கும் நிக்கும். (வீட்டில் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: ரொம்ப மெலிஞ்சவங்களுக்கு ஒரே நாளில் திணிச்சு ஊட்டாதீங்க. ரத்தத்தில் பாஸ்பேட் சரிஞ்சு இதயம் நிக்கலாம். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாத்தான்.)

அப்போ எல்லாமே பட்டினியோட வேலைதானா? குணம்னு ஒண்ணுமே இல்லையா? அங்கேயும் சறுக்கிடக்கூடாது.

மின்னசோட்டா ஆண்களுக்கு உணவு திரும்பக் கிடைச்சதும் என்ன பண்ணினாங்க? விழுந்து விழுந்து சாப்பிட்டாங்க, வாரக்கணக்கில். அனோரெக்சியா பெண்ணுக்கு உணவு எப்பவும் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கு. எட்டமாட்டா. அந்த ஆண்களுக்குப் பசி ஒரு சித்திரவதை. இந்தப் பெண்களில் பலருக்குப் பட்டினியில்தான் பதற்றம் அடங்குது. லசேக் பார்த்து உறுத்திக்கிட்ட நிம்மதி இருக்கே, அது இதுதான். பட்டினி இதை விளக்கமுடியாது. பட்டினிக்கு முன்னாடியே ஏதோ இருந்திருக்கணும்.

இதைத் தேடினவங்களில் முக்கியமானவர் ஹில்டா ப்ரூக். ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூத மருத்துவர், பின்னாடி ஹூஸ்டனில் வேலை பார்த்தார். 1962ல் அவர் எழுதினது இன்னைக்கும் நிக்குது: தன் உடம்பைத் தப்பா உணர்றது, பசி மாதிரி உள்ளே இருந்து வர்ற சமிக்ஞைகளை அடையாளம் தெரியாமப் போறது, நம்மால எதுவும் முடியாதுங்கிற அடித்தள உணர்வு. "பிடிவாதக்காரி"ன்னு எல்லாரும் சொன்ன பொண்ணுக்குள்ள, என் கையில் எதுவுமே இல்லைங்கிற பயம் இருக்குன்னு ப்ரூக் கேட்டு எழுதினார். நல்ல பொண்ணு, சொன்ன பேச்சு கேட்கிற பொண்ணு, தனக்கு என்ன வேணும்னே தெரியாத பொண்ணு. 1978ல் வந்த அவர் புத்தகத்தின் பேர் "தங்கக் கூண்டு".

ஆனா ப்ரூக் பழியைப் பெரும்பாலும் அம்மா மேல வச்சார். அதே 1978ல் ஃபிலடெல்ஃபியாவின் சால்வடோர் மினூச்சின் மொத்தக் குடும்பத்துக்கும் லேபிள் ஒட்டினார்: ஒட்டிப்பிணைந்த, பொத்திப் பொத்தி வளர்க்கிற, சண்டையைத் தவிர்க்கிற குடும்பம். பொண்ணு சாகக்கிடக்கிற வீட்டில் பெத்தவங்க பொத்திப் பொத்தி வச்சுக்காம வேற எப்படி இருப்பாங்க? நோய் வந்த பிறகு வீட்டைப் பார்த்துட்டு, நோய்க்குக் காரணம் இந்த வீடுன்னு எழுதுறது, பெண்ணின் குணத்தில் நடந்த அதே கதைதான்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க இரண்டு வழி இருக்கு. நோய்க்கு முன்னாடி எப்படி இருந்தாங்கன்னு பார்க்கணும். நல்லா தேறின பிறகு எப்படி இருக்காங்கன்னு பார்க்கணும்.

லண்டனில் ஜேனட் ட்ரெஷர் குழு 2003ல் முதல் வழியில் போச்சு. நோய் வந்த பெண்களிடமும் வராத பெண்களிடமும் சின்ன வயதுக் குணங்களை விசாரிச்சாங்க. எல்லாம் கச்சிதமா இருக்கணும்கிறது, வளைஞ்சு கொடுக்காதது, விதி மீறாதது, சந்தேகமும் எச்சரிக்கையும், ஒழுங்கா அடுக்கி வைக்கிற வேகம். இந்த ஐந்தில் ஒவ்வொரு குணம் கூடும்போதும் நோய் வாய்ப்பு கிட்டத்தட்ட 7 மடங்கு கூடினதா வந்தது. ஞாபகத்தில் இருந்து சொன்னதுங்கிறதால எண்ணை அப்படியே பிடிச்சுக்க வேண்டாம், திசையைப் பாருங்க. அமெரிக்காவில் வால்டர் கே குழு 672 பேரைப் பார்த்ததில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு பதற்ற நோய் இருந்தது, பெரும்பாலும் சாப்பாட்டுப் பிரச்சினைக்கு முன்னாடி, குழந்தைப் பருவத்திலேயே. அதே குழு இரண்டாவது வழியிலும் போனது: வருடக்கணக்கா நல்லா இருக்கிற, எடை திரும்பின பெண்களிடமும் அந்தக் கச்சித குணமும் ஒழுங்கு வேட்கையும் மிச்சம் இருந்தது.

ஆக, சிடுசிடுப்பு, பொய், ஒட்டாமையில் பெரும்பகுதி பசியோட கணக்கில் போகும். கச்சிதம், பதற்றம், ஒழுங்கு இவற்றில் கணிசமான பகுதி அவங்க கூடவே பிறந்தது. 2019ல் சுமார் 17,000 நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்ததில் நோயோடு தொடர்புள்ள 8 இடங்கள் கிடைச்சது. ஓசிடி, பதற்றம், உடல் இயக்கம் இவற்றோடு மரபணு உறவு தெரிஞ்சது. அதோடு இன்சுலின், கொழுப்பு மாதிரி வளர்சிதை மாற்ற விஷயங்களோடும் உறவு. இதை மனநோய்னு மட்டும் சொல்றது போதுமாங்கிற கேள்வி அங்கே இருந்துதான் கிளம்பிச்சு.

இன்னொண்ணு. குண்டாயிடுவோம்கிற பயம்தான் இந்த நோயோட உயிர்நாடின்னு புத்தகம் சொல்லும். 1993ல் ஹாங்காங்கில் சிங் லீ 70 நோயாளிகளைப் பார்த்தார். பாதிக்கு மேல் அந்தப் பயமே இல்லை. வயிறு உப்புசம், பசிக்கலைன்னுதான் சொன்னாங்க. 1995ல் டெல்லி மருத்துவர்கள் எழுதின ஐந்து பெண்களும் சாப்பிடவில்லை, வாந்தி, எடை சரிவு, மாதவிலக்கு நிற்றல் எல்லாம் இருந்தது. உடம்பைப் பற்றிய அந்தத் தப்பான பார்வையோ ஓயாத ஓட்டமோ இல்லை. லண்டன், பாரிஸ், ஹூஸ்டன் ஆலோசனை அறைகளில் வரைஞ்ச படத்தை வச்சு நம்மூர்ப் பெண்ணைத் தேடினா, கேஸ்ட்ரைட்டிஸ்னு மாத்திரை எழுதி அனுப்பிடுவோம். அனுப்பிக்கிட்டும் இருக்கோம்.

வைத்தியத்தில் பெரிய திருப்பம் 1987ல், லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில். ஜெரால்டு ரஸ்ஸல், கிறிஸ்டோபர் டேர், ஐவன் ஐஸ்லர் குழு 80 நோயாளிகளை வச்சு ஆய்வு பண்ணினாங்க. சின்ன வயதில் ஆரம்பித்து, மூன்று வருடத்துக்குள் வந்த நோயாளிகளுக்குத் தனி சிகிச்சையைவிடக் குடும்ப சிகிச்சை நல்லா வேலை செய்தது. கல் மோசமான துணைன்னு வெளியே நிறுத்தின அதே அப்பா அம்மாவைத் திரும்பச் சாப்பாட்டு மேஜைக்குக் கூப்பிட்டு, உங்க தப்பு இல்லை, ஆனா ஊட்டுற பொறுப்பு உங்களோடதுன்னு சொன்னாங்க. இன்னைக்கு டீன் ஏஜ் நோயாளிகளுக்கு முதலில் பரிந்துரைக்கிறது இந்த வழியைத்தான்.

2013ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு ஐந்தாம் பதிப்பு வந்தது. அனோரெக்சியாவுக்கான வரையறையில் முதல் வரியில் இருந்த "எடையைத் தக்கவைக்க மறுத்தல்" என்பதில் "மறுத்தல்" போச்சு. "உணவு உட்கொள்வது குறைதல்" என்கிற பொருளில் மாத்தினாங்க. மறுக்கிறான்னா அது வேணும்னே செய்றதுன்னு ஆகுது, அதை டாக்டர் வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாதுங்கிறது காரணம். மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் போச்சு. மார்ட்டனோட பையன் 300 வருடம் கழிச்சு ஒருவழியா உள்ளே வந்தான்.

கடைசியா ஸ்வீடன். கோதன்பர்க் நகரில் 1985ல், டீன் ஏஜில் இந்த நோய் வந்த 51 பேரைப் பதிவு பண்ணி, அதே வயதுள்ள ஆரோக்கியமான 51 பேரோட சேர்த்து 30 வருடம் பின்தொடர்ந்தாங்க. 30 வருடம் கழிச்சு ஒருத்தர்கூட இறந்திருக்கவில்லை. 64 சதவீதம் பேர் முழுசா வெளியே வந்துட்டாங்க. 19 சதவீதம் பேருக்கு இன்னும் ஏதோ ஒரு உணவுக் கோளாறு இருந்தது. யார் நல்லா தேறினாங்கன்னு பார்த்ததில், கொஞ்சம் வயதான பிறகு நோய் வந்தவங்களும், நோய்க்கு முன்னாடியே எல்லாம் கச்சிதமா இருக்கணும்னு நினைச்சவங்களும் முன்னணியில் வந்தாங்க. சின்ன ஆய்வுதான், 51 பேர்தான். ஆனா நோய்க்குக் காரணம்னு நாம மனப்பாடம் பண்ணின லிஸ்ட்டில் முதலில் நிக்கிற குணம் இங்கே அடுத்த பக்கத்தில் நிக்குது. எடையைக் குறைக்கிறதில் காட்டின அதே கச்சிதத்தை இவங்க வெளியே வர்றதுக்கும் பயன்படுத்தினாங்களாங்கிறதை யாராவது அவங்ககிட்டயே உட்கார்ந்து கேட்கணும்.